மரத்தில் இருக்கும் பேய்

“அப்படியானால் ஒரு கோடிப் பேரும் முட்டாள்களா?” என்று கேட்டார் நண்பர்.

2019ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதரைக் குளத்திலிருந்து எடுத்து வெளியே வைத்திருந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கிற காரியம். ஜூலை முதல் தேதி தொடங்கிய தரிசனம் ஆகஸ்டு மத்தியில் முடிவதற்குள் ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்து போனதாகக் கணக்குச் சொன்னார்கள். நண்பர் வரிசையில் ஏழு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, கால் வீக்கத்தோடு திரும்பி வந்திருந்தார். நாற்பது வருஷம் தண்ணீருக்குள் கிடந்தும் மரம் கெடவில்லையே என்று அவர் வியந்தார். காற்றுப் படாமல் நீருக்குள் கிடக்கும் மரம் சுலபத்தில் உளுத்துப் போகாது என்று நான் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது கஷ்டம். ‘ஆம்’ என்றால் சொல்லுகிறவன் அகம்பாவி. ‘இல்லை’ என்றாலோ, அவர்கள் நம்புவதெல்லாம் மெய் என்று ஒப்புக்கொண்டதாக எதிராளி எழுதிக்கொள்வார். நான் காப்பியைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். வீட்டுக்கு வந்து மணிமேகலையை எடுத்துப் புரட்டினேன்.

மணிமேகலையில், சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை என்று ஒரு காதை உண்டு. உ. வே. சாமிநாதையர் 1898இல் அந்த நூலை அச்சிட்டு வெளியிட்ட நாளிலிருந்து, அந்தக் காதையை ரசித்துப் படித்தவர்களைவிடத் தாண்டிப் போனவர்களே அதிகம் என்று நினைக்கிறேன். நானும் தாண்டியவன்தான். கதை ஓடிக்கொண்டிருக்கும்போது, தர்க்க சாஸ்திரப் பாடத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்திருக்கிறாரே இந்தச் சாத்தனார் என்று சலித்துக்கொண்டவன். கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சலிப்பு சீக்கிரம் வந்துவிடும்.

இப்போது அந்த அபிப்பிராயம் மாறிவிட்டது. அந்தக் காதையில் ஒரு நல்ல கதை இருக்கிறது. ஓர் இளம் பெண் வஞ்சி நகரத்துக்குள் நுழைகிறாள். பெண்ணாகப் போனால், அதிலும் இளம் பெண்ணாகப் போனால், எந்தச் சமயவாதியும் தன் சரக்கை அவிழ்த்துக் காட்டமாட்டான் என்று முன்பே அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே தவசியின் உருவத்தை எடுத்துக்கொண்டு போகிறாள். ஒவ்வொருவரிடமும் சென்று, உன் பொருள் என்ன, சொல் என்று கேட்கிறாள். சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி எல்லோரும் சொல்லுகிறார்கள். அவள் கேட்டுக்கொள்கிறாள். அவர்களில் ஒருவரிடமாவது, “உன் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள்?” என்று அவள் கேட்கவில்லை.

இவர்களுக்கெல்லாம் முன்னால் வருகிறவன் அளவைவாதி. எதையெல்லாம் கொண்டு ஒரு பொருளை உண்டு என்று முடிவு செய்யலாம் என்ற பட்டியல் அவனிடம் இருக்கிறது. காண்டல், கருதல், உவமை என்று தொடங்கிப் பத்துப் பிரமாணங்களைச் சொல்லுகிறான். அவற்றில் ஒன்று ஐதிகம். ஐதிகம் என்றால் உலகம் வழிவழியாகச் சொல்லிவருவது. அதற்கு அவன் காட்டும் உதாரணம், இந்த மரத்தில் ஒரு பேய் இருக்கிறது என்று உலகத்தார் சொல்ல, அதைக் கேட்டு நாமும் அப்படியே தெளிவது.

எங்கள் ஊர்ப் புளியமரம் கண் முன்னால் வந்து நின்றது. ஊரில் ஒருவருக்காவது அந்தப் பேயைப் பற்றிச் சந்தேகம் இருந்ததில்லை. யார் பார்த்தார்கள் என்று கேட்டால் மட்டும், பார்த்தவர் எப்போதும் இன்னொருவராக இருப்பார்.

வடமொழித் தர்க்கக்காரர்களும் இதே உதாரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் ஆலமரத்தில் யட்சன் என்பார்கள். சாங்கிய நூலுக்கு உரை எழுதிய வாசஸ்பதி மிசிரர் ஐதிகத்தைத் தனிப் பிரமாணமாக ஏற்கவில்லை. முதலில் சொன்னவர் இன்னார் என்று தெரியாத செவிவழிப் பேச்சு சந்தேகத்துக்கு உரியது என்பது அவர் சொல்லும் காரணம். முதலில் சொன்னவன் தெரிந்தால், அவன் நம்பத் தகுந்தவனா என்று விசாரிக்கலாம். தெரியாதபோது எதை விசாரிப்பது? மணிமேகலையின் அளவைவாதியே பத்தையும் சொல்லி முடித்த பிறகு, இக்காலத்தில் வழங்குபவை ஆறுதான் என்கிறான். அந்த ஆறில் ஐதிகம் இல்லை. பிறகு அறவண அடிகள் காட்சி, கருத்து என்ற இரண்டோடு நிறுத்திவிடுகிறார். மற்றவையெல்லாம் கருத்தில் அடங்கும் என்கிறார். ஆக, மரத்துப் பேய் அந்தக் காப்பியத்துக்குள்ளேயே மரியாதையாக இறக்கி அனுப்பப்பட்டுவிட்டது.

ஆனால் குறள் இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். புல்லறிவாண்மை அதிகாரத்தின் கடைசிக் குறள், உலகத்தார் உண்டு என்று சொல்வதை இல்லை என்பவன் இந்தப் பூமியில் பேயாக எண்ணப்படுவான் என்கிறது. வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மரத்தில் பேய் இல்லை என்று சொன்னால், சொன்னவன் பேயாகிவிடுகிறான்! பரிமேலழகர் இங்கே கடவுளையும் மறுபிறப்பையும் இருவினைப் பயனையும் எடுத்துக் காட்டுகிறார். ஆனால் அவர் செய்திருக்கும் ஒரு காரியத்தைக் கவனிக்கவேண்டும். உலகத்தார் என்பதற்கு அவர் கொள்ளும் பொருள் உயர்ந்தோர். தெருவில் போகிற எல்லோரையும் எண்ணிக் கூட்டி, தொகை அதிகம், ஆகவே உண்மை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தலைகளை எண்ணுவது போதாது, தகுதியையும் பார்க்கவேண்டும் என்று எண்ணியிருக்கிறார். தகுதியை யார் பார்ப்பது என்பது வேறு வழக்கு; அதில் நான் இறங்கவில்லை. இதே வள்ளுவர்தான் யார் வாயிலிருந்து வந்த பேச்சானாலும் அதன் மெய்யைக் காணவேண்டும் என்று இன்னோரிடத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டையும் ஒருவரே சொன்னார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

எண்ணிக்கை எதற்கும் உதவாது என்றும் சொல்லிவிட முடியாது. இந்த இடத்தில் பகுத்தறிவு பேசுகிற என் சிநேகிதர்கள் சிலர் அவசரப்படுகிறார்கள். கூட்டம் நம்புகிறது, ஆகவே பொய் என்பது, கூட்டம் நம்புகிறது, ஆகவே மெய் என்பதன் கண்ணாடிப் பிம்பம், வேறொன்றும் இல்லை. பூதவாதி கண்ணால் காண்பதைத் தவிர வேறு எதையும் ஏற்கமாட்டேன் என்றபோது மணிமேகலை சிரித்துவிட்டு, “உன் தாயையும் தகப்பனையும் நீ எப்படி அறிந்தாய்?” என்று மடக்குகிறாள். அவன் பிறந்ததை அவன் பார்க்கவில்லை அல்லவா? நாம் எல்லோரும் பிறர் சொல்லிலேதான் பாதி வாழ்க்கையை நடத்துகிறோம்.

1995ஆம் வருஷம் செப்டம்பர் 21ஆம் தேதி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்துப் பையன். டில்லியில் விடிவதற்கு முன்னால் ஒரு கோயிலில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று கிளம்பிய செய்தி, சாயங்காலத்துக்குள் லண்டன் வரை போய்விட்டது. எங்கள் தெருப் பிள்ளையாருக்கு முன்னால் வரிசை. அத்தை என் கையில் கரண்டியைக் கொடுத்தாள். தும்பிக்கை நுனியில் கரண்டியைச் சாய்த்துத் தொட்டதும் பால் மெள்ளக் குறைந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரவுக்குள் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். அந்தக் கோடியில் நானும் ஒருவன், பொய் சொல்லவில்லை.

அரசாங்க விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். சாயம் காட்டிக்கொடுத்துவிட்டது. கல்லில் பட்ட பால், மேற்பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து இழுக்கப்பட்டு, மெல்லிய படலமாகச் சிலையின் உடம்பில் வழிந்து இறங்கியது. ஏற்கெனவே ஈரமாக இருந்த கல்லில் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

இதில் எங்கள் சாட்சியம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். கரண்டியிலிருந்து பால் போனது உண்மை. ஊர் ஊராக இத்தனை பேர் பார்த்ததே அதற்கு நல்ல ருசு. பிள்ளையார் குடித்தார் என்பது நாங்கள் பார்த்ததல்ல, நாங்கள் கருதியது. காண்டலுக்கு லட்சம் சாட்சி இருக்கலாம். கருதலுக்கு மட்டும், காலையில் டில்லியிலிருந்து வந்த ஒரே ஒரு சாட்சிதான். அந்தச் செய்தி முன்னால் வந்திராவிட்டால், தும்பிக்கையில் கரண்டியை வைத்துப் பார்க்கவே எங்களுக்குத் தோன்றியிருக்காது. ஒருவன் சொல்லிக்கொடுத்ததைப் பத்துப் பேர் வந்து கூண்டில் ஒப்பித்தால், எந்த நியாயாதிபதியும் பத்துச் சாட்சி என்று எழுதிக்கொள்ளமாட்டார்.

பால் விஷயம் ஒரு நாள் கூத்து. சிரித்துவிட்டுப் போகலாம். அம்மை அப்படியல்ல.

என் பாட்டிக்கு முகமெல்லாம் தழும்பு. அவளுடைய முதல் பிள்ளை, என் அப்பாவுக்கு மூத்தவர், மூன்று வயதில் பெரியம்மையில் போய்விட்டது. அம்மை குத்த வந்தவரைக் கண்டு குழந்தையைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தாளாம். பாட்டி மூடத்தனமாக ஒன்றும் செய்துவிடவில்லை. முத்துப் போடுவது மாரியம்மனின் திருவிளையாடல், அதில் ஊசியோடு குறுக்கே போவது அபசாரம் என்று அவளுக்குத் தெரிந்த உலகம் முழுவதும் நம்பியது. மாமியார், புருஷன், அக்கம்பக்கம், பூசாரி எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஜென்னர் 1796லேயே பசு அம்மைப் பாலைக் குத்திக் காட்டியாகிவிட்டது. இந்தியாவில் 1802லேயே அம்மை குத்தத் தொடங்கியாகிவிட்டது. அதற்கெல்லாம் பின்னால்தான் என் பெரியப்பா குதிருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்.

1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1977இல் சோமாலியாவில் ஒருவருக்கு வந்ததுதான் இயற்கையாக வந்த கடைசி நோய். 1980இல் உலகத்திலேயே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. சமயபுரத்தில் கூட்டம் குறைந்ததா? இல்லை, பெருகியிருக்கிறது. இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. நோய் போனதால் அம்மன் இல்லை என்று ருசுவாகிவிட்டதாகவும் சொல்லவில்லை. பாட்டி கும்பிட்ட அம்மனுக்கு அம்மையைத் தவிர வேறு வேலைகளும் இருந்தன. நான் சொல்லுவது கூட்டத்தைப் பற்றி மட்டும். நோய் அம்மன் அனுப்பியது என்று நம்பிய நாளிலும் அதே கூட்டம். கிருமியால் வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அதே கூட்டம். சுரம் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே அளவைக் காட்டுகிற சுரமானியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அது வேறு எதையோ அளக்கிறது. பயத்தை, பழக்கத்தை, ஆறுதலை, தாயின் ஞாபகத்தை அளக்கலாம். நோயின் காரணத்தை அது அளக்கவில்லை.

எண்ணிக்கையை உரைகல்லாக வைத்தால் மணிமேகலையின் கதி என்ன என்றும் யோசித்துப் பார்க்கலாம். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தபோது அங்கே பௌத்த மடங்கள் நிறைய இருந்தன என்று எழுதிவைத்திருக்கிறான். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தமிழ்நாட்டுப் பௌத்தர்கள் பதினோராயிரம் பேர் அளவில்தான். புத்தர் சொன்னது அன்று மெய்யாக இருந்து, ஆட்கள் குறையக் குறைய மெல்ல மெல்லப் பொய்யாகிக்கொண்டே வந்ததா? இதற்கு ஆம் என்பவர், நாளைக்குத் தம்முடைய மதத்துக்கும் அதே கணக்கைப் போட ஒப்புக்கொள்ளவேண்டும்.

நண்பரிடம் இன்னொரு விஷயமும் கேட்டிருக்கலாம். லட்சக்கணக்கில் விற்கும் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை அவர் கையால் தொடமாட்டார். “ஜனங்களுக்கு ருசி ஏது?” என்பார். இலக்கியத்தில் ஜனங்களுக்கு இல்லாத ருசி, மோட்ச விஷயத்தில் மட்டும் எங்கிருந்து வந்தது? என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன். என் நாவல் ஒன்று மட்டும் சற்று அதிகமாக விற்றபோது, ஜனங்களின் ருசியில் எனக்கு அபார நம்பிக்கை பிறந்தது. அடுத்த நாவலில் அது போய்விட்டது.

பழைய ரோமாபுரியில் சிசரோ கடவுளரின் இயல்பைப் பற்றி ஒரு சம்பாஷணை எழுதியிருக்கிறான். அதில் கோட்டா என்று ஒருவன் வருகிறான். எல்லா ஜாதியாரும் தெய்வம் உண்டு என்கிறார்களே என்ற வாதத்தை அவன்தான் உடைக்கிறான். இவ்வளவு பெரிய விஷயத்தை மூடர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டா தீர்ப்பது என்கிறான். ஆனால் அந்தக் கோட்டா ஒரு பூசாரி. ரோமாபுரியின் தலைமைக் குருக்கள் கூட்டத்தில் ஒருவன். முன்னோர் கொடுத்துவிட்டுப் போனார்கள், எனக்கு அது போதும் என்று சொல்லிவிட்டு, வாதத்தை மட்டும் ஏற்க மறுக்கிறான். முதல் தடவை படித்தபோது இது இரட்டை வேஷம் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து நண்பர் மறுபடி வந்தார். கால் வீக்கம் வடிந்திருந்தது. அந்த ஒரு கோடியைப் பற்றி நான் யோசித்ததையெல்லாம் சொன்னேன். பாட்டியைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கூட்டத்துக்காகவா போனீர்கள் என்று கேட்டேன்.

“கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்” என்றார். “போன தடவை, 1979இல், அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அடுத்த தடவை 2059. அதற்கு நான் இருக்கமாட்டேன்.”

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார்.