தாய்லாந்துக்கு மறுபடியும் போகிறீர்களா? ஈசான் பக்கம் போங்கள்!

பாங்காக், பட்டாயா, புக்கெட். முதல்முறை தாய்லாந்து போகிற நம்மவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அருமையான இடங்கள்தான். ஆனால் மறுபடியும் டிக்கெட் எடுக்கிறீர்கள் என்றால், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன்: கடற்கரையை விட்டுவிடுங்கள். நேரே வடகிழக்கே, ஈசானுக்குப் போங்கள்!

புரிராம் மாகாணத்தில் அணைந்துபோன ஓர் எரிமலையின் மேல் பனோம் ருங் என்ற சிவன் கோயில் இருக்கிறது. அங்கோர் வாட்டைக் கட்டிய அதே கெமர் மரபினர், 10-ஆம் நூற்றாண்டு முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பியது. சுமார் 160 மீட்டர் நீளத்துக்குக் கல் பாவிய பாதை. இருபுறமும் உச்சியில் தாமரை மொட்டு செதுக்கிய தூண்கள். அதைத் தாண்டினால் ஐந்து தலை நாகங்கள் காவல் நிற்கும் பாலம், பிறகு படிகள். ஏறி நிமிர்ந்து பார்த்தேன். கிழக்கு வாசலுக்கு மேலே பத்துக் கைகளோடு சிவன் ஆடிக்கொண்டிருக்கிறார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் காலடியில், வாசல் உத்தரக் கல்லில், பள்ளிகொண்ட பெருமாள். இந்தக் கல் 1960-களில் களவு போய், கடைசியில் சிகாகோ கலை அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்தது. தாய் மக்கள் விடவில்லை. போராடினார்கள், கராபாவ் என்ற புகழ்பெற்ற இசைக்குழு பாட்டே கட்டியது. 1988-இல் கல் திரும்பி வந்து பழைய இடத்திலேயே ஏறியது. பத்தூர் நடராசரை லண்டன்வரை வழக்காடி மீட்டவர்கள் நாம். அந்தக் கல்லின் அருமை நமக்குப் புரியாதா!

மலையை விட்டு இறங்கினால் சில கிலோமீட்டரில் முவாங் தாம் கோயில். ‘ட’ எழுத்தின் வடிவில் நான்கு தாமரைக் குளங்கள் கோயிலைச் சுற்றிக் கிடக்கின்றன. இத்தனை அழகான இடத்தில் நான் போன நேரத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களே இருந்தார்கள். கொராட் நகருக்கு அருகே இருக்கும் பிமாய் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். அது பௌத்தக் கோயில். ஆனாலும் அதன் சிற்பங்களில் ராமாயணம் உண்டு. நாகபாசத்தில் கட்டுண்ட ராமலட்சுமணர்களைச் சுற்றி வானரங்கள் துடிக்கும் காட்சிக்கு முன்னால் நான் நின்ற நேரத்துக்குக் கணக்கே இல்லை.

சாப்பாடா? ஐயோ, அதைச் சொல்லியே ஆக வேண்டும்! மூங்கில் கூடையில் சூடாக ஒட்டரிசிச் சோறு. கையாலேயே உருட்டித் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். தணலில் வாட்டிய கோழி, பக்கத்தில் சோம் தாம். பச்சைப் பப்பாளியைச் சீவி மிளகாய், பூண்டு, எலுமிச்சை, பனைவெல்லம் போட்டு உரலில் இடித்துத் தருவது. காரம் உச்சந்தலைக்கு ஏறும், கை மட்டும் நிற்காது. பாங்காக் கடைகளில் கிடைப்பது இதற்குப் பக்கத்தில்கூட வராது. இது என் தீர்ப்பு. சைவக்காரர்கள் ‘ஜே’ என்று சொல்லிக் கேளுங்கள். மீன் சாறும் சேர்க்க மாட்டார்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போனால் ஈசானிலேயே உடோன் தானி நகருக்கு அருகே ஏரி முழுக்கச் செவ்வாம்பல். விடிந்ததும் படகு ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பூ கூம்பிவிடும்.

போவதும் கஷ்டமில்லை. பாங்காக்கின் குருங் தெப் அபிவத் நிலையத்தில் உபோன் போகும் ரயிலைப் பிடித்தால் கொராட், புரிராம் எல்லாம் வழியிலேயே வரும். புரிராமிலிருந்து பனோம் ருங் கோயிலுக்கு வாடகைக் கார் நல்லது. ஒன்று மட்டும் கவனம்: இந்தப் பகுதியை ஒட்டிய கம்போடிய எல்லையில் 2025-இல் சண்டையே நடந்தது. கிளம்பும் முன் நிலவரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பனோம் ருங்கில் 15 வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் சில நாட்கள், உதிக்கும் சூரியன் அத்தனை வாசல்களையும் ஊடுருவி ஒளி வீசும். நான் வரும் ஏப்ரலில் அதற்காகவே மறுபடியும் போகிறேன். நீங்களும் வாருங்கள், அந்த நாட்களில் கூட்டம் நெரியும், பக்கத்து ஊரான நாங் ரோங்கில் இப்போதே அறை போட்டுவிடுங்கள்.