கூறியவர் யார்?

நடிகரின் அடுத்த படம் எது, அவர் எவரோடு விருந்துண்டார் என்னும் அளவில் நிற்கும்வரை திரைச் செய்தியால் விளையும் கேடு சிறிதே. இறப்பு, நோய், வழக்கு முதலிய மெய்யுலகச் செய்திகளையும் அதே கை எழுதப் புகும்போது கேடு பெரிதாகிறது.

சிவகாசிக்கு அருகே பிறந்து, இந்தியா முழுவதும் புகழ்பெற்ற நடிகை ஸ்ரீதேவி, 2018 பிப்ரவரி 24ஆம் நாள் துபாய் விடுதியொன்றில் காலமானார். மாரடைப்பு என்றே முதலில் செய்தி பரவிற்று. நினைவிழந்து குளியல்தொட்டி நீரில் மூழ்கியதால் நேர்ந்த விபத்து என 26ஆம் நாள் தடயவியல் அறிக்கை தெளிவாக்கியது. மறுநாளே விசாரணையும் முடிவுற்றது. மெய் வெளிப்பட மூன்று நாள்களே தேவைப்பட்டன. அவ்வளவு பொறுமையும் இந்தியத் தொலைக்காட்சி நிலையங்கள் பலவற்றுக்கு இல்லை. குளியல்தொட்டிப் படத்தோடு நடிகையின் உருவத்தை இணைத்துக் காட்டின. செய்தியாளர் ஒருவர் தாமே தொட்டியில் படுத்து விளக்கினார். அழகுச் சிகிச்சை, மது என ஊகங்கள் குவிந்தன.

இத்தகைய செய்திகளின் மொழியை உற்றுநோக்குக. 'கூறப்படுகிறது', 'நம்பப்படுகிறது' என்னும் செயப்பாட்டு வினைகளே அவற்றைத் தாங்கும் தூண்கள். கூறியவர் யார், நம்புபவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. தலைப்பின் ஈற்றில் நிற்கும் வினாக்குறியோ, பழியைச் சுமத்திவிட்டுப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க உதவுகிறது.

இதன் கொடுமையை 2020இல் கண்டோம். நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மறைந்தபின், அவருடைய தோழியாரை நீதிமன்றத்திற்கு முன்பே தொலைக்காட்சிகள் குற்றவாளியாக்கின. ஊடகமே விசாரணை நடத்துவது நீதியின் போக்கில் குறுக்கிடுவதாகும் என்று 2021 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் கண்டித்தது. 2025 மார்ச்சில் நடுவண் புலனாய்வுத் துறை வழக்கை முடித்துக்கொள்ளும் அறிக்கையை நீதிமன்றத்தில் அளித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு பெண் சுமந்த பழிக்கு ஈடு செய்வார் யார்?

மக்கள் விரும்புவதையே தருகிறோம் என்பர். மக்கள் விரும்புவது விடை. ஊகத்தை விடையென விற்பது ஏமாற்று. 'இன்னும் தெரியவில்லை' என்பதும் நேர்மையான செய்தியே ஆகும்.

செய்வினை, செயப்பாட்டு வினைகளை நாம் வகுப்பில் தேர்வுக்காகக் கற்பிக்கிறோம். ஒரு நாளேனும் திரைச் செய்திப் பக்கத்தை மாணவர்முன் விரித்து, ஒவ்வொரு 'கூறப்படுகிறது'க்கும் எழுவாய் தேடச் சொல்வோமாக. எழுவாய் கிட்டாத செய்தியை நம்பாதிருக்க அவர்கள் தாமே கற்றுக்கொள்வர்.