மலைப் பிள்ளையின் மொழி: மதமாற்ற விவாதத்தில் விடுபட்ட கேள்வி

மில்பிடாஸில் என்னிடம் இரு தரப்பினர் நீலகிரிக்காகக் காசு கேட்டு வருகின்றனர். ஒரு தரப்பு, இரண்டு வாரம் மலைக்கிராமங்களுக்குச் சென்று ஊழியம் செய்து திரும்பும் சபையார். மறு தரப்பு, அச்சபையாரிடமிருந்து பழங்குடியினரை 'மீட்க'ப் பாடசாலை நடத்துவோர். பிள்ளையின் ஆன்மா யாருக்கு என்பதில்தான் இருவருக்கும் பிணக்கு. பிள்ளை எந்த மொழியில் படிக்கிறது என்பதை இருவரும் சொல்வதில்லை. மொழிக்காக நாடிழந்த நாமும் அதைக் கேட்பதில்லை என்பதே எனது விமர்சனம்.

வந்துபோகும் மிஷனரி நீலகிரிக்குப் புதியவரல்ல. மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு 1603இல் ஏறிச் சென்ற யேசுசபைக் குரு பினிசியோ கண்டது தோடரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த கதரின் லிங் அப்படி வந்துபோனவரல்லர்; தோடரிடையே நெடுங்காலம் பணியாற்றினார். 1897இல் அவர் மொழிபெயர்த்த மாற்கு சுவிசேஷம் தோட மொழியில் வெளிவந்தது. ஆனால் எழுத்து தமிழெழுத்து. அம்மொழியின் உரசொலிகள் பலவற்றுக்கு எமது நெடுங்கணக்கில் இடமில்லை. கிறிஸ்தவரான தோடர் மந்துகளை விட்டகன்று தனிச் சமூகமாயினர்.

யாழ்ப்பாணத்துக்கும் மிஷனரிமார் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி எழுந்தது. 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பாடசாலை தொடங்கினார். அதன் சாதி எல்லைகள் தனியே பேசப்பட வேண்டியவை. ஆனால் எதிர்த்து நிற்பதற்கு எம்மிடம் ஏடும் அச்சும் பணமும் இருந்தன. யார் வென்றாலும் பிள்ளை தமிழில் படிக்கும் என்பது உறுதியாயிருந்தது. தோடப் பிள்ளைக்கு அந்த உறுதி இல்லை. மிஷனரி வந்தாலும் அரசு வந்தாலும் இந்து அமைப்பு வந்தாலும் அதற்குக் கிடைப்பது தமிழ் அல்லது ஆங்கிலம்.

1956ஆம் ஆண்டை நாம் 'சிங்களம் மட்டும்' சட்டத்தால் நினைவில் வைத்திருக்கிறோம். அதே ஆண்டில்தான் இந்திய அரசியலமைப்பில் 350ஏ உறுப்புரை சேர்க்கப்பட்டது: மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் வழங்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் மொழியோ தமிழ்.

'தோடர் இரண்டாயிரம் பேரளவுதானே, தமிழ் தெரியாமல் ஊட்டிச் சந்தையில் எப்படிப் பிழைப்பது?' என்று நண்பர்கள் கேட்கின்றனர். சிங்களம் தெரியாமல் கொழும்பில் எப்படிப் பிழைப்பது என்று எமக்குச் சொல்லப்பட்டதும் இதே தர்க்கந்தான். இரண்டும் ஒன்றல்ல என்பதை ஏற்கிறேன். தமிழ்நாட்டில் 1958 நிகழவில்லை, தோடர் அகதிகளாகவில்லை. இருளர் மொழி போன்றவை தமிழுக்கு நெருக்கமானவை. தோட மொழி அப்படியல்ல. ஆயினும் முதல் வகுப்பில் ஆசிரியரின் பேச்சு விளங்காமல் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இவ்வேறுபாடுகளால் என்ன ஆறுதல்? தமிழைக் கற்பிப்பது வேறு; தமிழால் மட்டுமே கற்பிப்பது வேறு.

இங்கிருந்து ஒரு மணிநேரத் தூரத்திலுள்ள பேர்க்லியில் மொழியியல் துறையை நிறுவியவர் எமனோ. 1930களில் நீலகிரியில் அவருக்குக் கோத்தர் கதைகளைச் சொல்லித் தந்தவர், ஆங்கிலம் படித்து ஆசிரியரான சுள்ளி என்ற கோத்தர். 1944 முதல் 1946 வரை அவை நான்கு பகுதிகளாக இங்கே அச்சாயின. தன் மொழியை நூலாக்கத்தக்க அறிஞன் அம்மலையிலேயே இருந்தான். அந்நூல் அமெரிக்க நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. கோத்தகிரி வகுப்பறைக்குப் பாடநூலாகப் போகவில்லை.

இது முடியாத காரியமுமல்ல. கூடலூரின் வித்யோதயா பள்ளியில் பணியர், காட்டுநாயக்கர் முதலானோரின் பாட்டும் கதையும் பாடத்தினுள் வந்துள்ளன. அச்சமூகத்தவரே ஆசிரியர்களாகவும் உள்ளனர்.

ஆகவே அடுத்த முறை நிதி கேட்டு வருவோரிடம், அவர்கள் சிலுவை அணிந்திருந்தாலும் திருநீறு பூசியிருந்தாலும், இரண்டைக் கேட்போம். உங்கள் ஆசிரியருக்குப் பிள்ளையின் மொழி தெரியுமா? பள்ளியை நடத்தும் குழுவில் அம்மலையின் மக்கள் எத்தனை பேர்? இக்கேள்விகளைத் தமிழின் பெயரால் நாம் தவிர்ப்போமாயின், 1956 பற்றி எழுதும் எமது கட்டுரைகளுக்கு என்ன பெறுமதி?