இருபத்திரண்டு கரட் மஞ்சள்

எங்கள் சமையலறை யன்னல் கிழக்குப் பார்த்தது. கீழே மார்க்கம் வீதி இரைந்துகொண்டிருக்கும். ஞாயிறு காலையில் அந்த யன்னலால் வந்து விழுகிற வெயிலில் ஒரு வெள்ளைத் துவாயை விரித்து, என் தாலிக்கொடி, அம்மா தந்த இரண்டு காப்பு, மகளின் சிமிக்கி, இங்கே வாங்கின 14 கரட் மோதிரம் எல்லாவற்றையும் அருகருகே வைப்பேன். அப்படி வைத்தால்தான் தங்கத்துக்குள் எத்தனை மஞ்சள் இருக்கிறதென்று தெரியும். கொடி, நன்றாகப் பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் சதை. மோதிரம், வெளிறின தேசிக்காய்த் தோல். கனடாவில், ஸ்காபரோவின் வோபர்னில் இத்தனை வருஷம் இருந்து நான் கற்றுக்கொண்ட விஷயங்களில் இதைப்போல என்னைச் சந்தோஷப்படுத்தினது வேறொன்றும் இல்லை!

வேலையிடத்தில் ஒருத்தி என் காப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மஞ்சளாக இருக்கிறதே, உண்மையான தங்கமா?" என்று கேட்டாள். அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் 10 கரட்டும் 14 கரட்டும். கரட் என்பது 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு. 10 கரட்டில் பாதிக்கும் குறைவு. 417 என்று குத்தியிருப்பார்கள். 14 என்றால் 585. 18 என்றால் 750. எங்கள் 22 கரட்டில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், மிச்சம் வெள்ளியும் செம்பும். செம்பைக் கூட்டினால் ரோஸ் நிறம் வரும். வெள்ளைத் தங்கத்துக்கு மேலே ரோடியம் முலாம் பூசுவார்கள். சில வருஷத்தில் அது தேய்ந்து உள்ளே இருக்கிற மங்கல் மஞ்சள் தெரியும். ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறவேண்டாம், திரும்பப் பூசினால் சரி.

ஏன் எங்கள் சனம் 22 கரட்டையே பிடித்துக்கொண்டது? நாங்கள் பவுணில்தானே எண்ணுகிறோம். அந்தப் பவுண், 1817இலிருந்து அச்சடித்த பிரித்தானியத் தங்க நாணயம். ஒரு பக்கம் அரசரின் அல்லது அரசியின் தலை, மறுபக்கம் பெரும்பாலும் குதிரையில் இருந்து பறவைநாகத்தைக் கொல்லுகிற புனித ஜோர்ஜ். 22 கரட், எடை 7.98 கிராம், அதைத்தான் கடையில் 8 கிராம் என்று முழுதாக்கிச் சொல்கிறோம். தாலிக்கொடியில் இரண்டு பக்கமும் பவுண் காசு கோர்க்கிற எங்கள் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். கழுத்தில் தொங்குகிற அளவுகோல் அது. இதை அறிந்த நாளில் கொடியைக் கையில் ஏந்தி எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது.

இந்தக் கொடி பிறந்ததும் ஸ்காபரோவில்தான். தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்குச் சடங்குக்கு மணப்பெண் போகக்கூடாது, அதனால் நான் பார்க்கவில்லை. மாமி சொல்லித்தான் தெரியும். வீட்டுக்குள் நெருப்பு வைத்தால் புகை மணி கத்தும் என்று கராஜில் கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, மார்கழிக்கு முந்தின அந்தக் குளிரில் எல்லாரும் ஜக்கெட்டோடு நிற்க, பத்தர் காசை உருக்கினாராம். உருகின துளி சூரியன் மாதிரி இருந்தது என்று மாமி இப்போதும் சொல்லுவார்.

ஆனால் தங்கத்தை எனக்குப் படிப்பித்தவர் வேறொரு பத்தர். யாழ்ப்பாணத்துக் கன்னாதிட்டியில் தொழில் பழகி, இங்கே வந்தும் அதே தொழிலில் இருக்கிறவர். கொடியைக் கொஞ்சம் மினுக்கித் தாங்கோ என்றுதான் கொண்டுபோனேன். அவர் பத்து மடங்கு பெருக்குகிற கண்ணாடியைக் கண்ணில் வைத்து ஒவ்வொரு கண்ணியாகத் திருப்பினார். தாலி தொங்குகிற இடத்தில் நிறுத்தினார்.

"பிள்ளை, இதைப் பாருங்கோ."

பார்த்தேன். வெளியே உருண்டையாகத் தெரிந்த கண்ணி, உட்பக்கத்தில் பக்கத்துக் கண்ணியோடு உரசி உரசிக் கிண்ணம் மாதிரிக் குழிந்து, மிச்சம் தலைமயிர் அளவில் நின்றது. 18 வருஷம் ஒரு நாளும் கழற்றாமல் போட்ட கொடி. பஸ்ஸிலோ பனியிலோ அறுந்து விழுந்திருந்தால்? என் நெஞ்சு ஒருமுறை நின்று அடித்தது.

"பயப்படாதேங்கோ. நல்ல தங்கம் மென்மையானது. அது தேயத்தான் செய்யும், நாங்கள்தான் பார்த்துக்கொள்ளவேணும்" என்றார்.

நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். ஒரு முக்காலியைத் தள்ளித் தந்தார். தேய்ந்த இரண்டு கண்ணியை வெட்டி எடுத்து, புதுக் கம்பியை வளைத்துக் கோர்த்து, வாயோடு வாய் சேர்த்தார். வெங்காரம் தடவி, எள்ளளவு பற்றாசு வைத்து, நெருப்பைப் பிடித்தார். பற்றாசு ஒரு கணம் உருண்டையாக நின்று, பிறகு ஒரே வழுக்கில் பொருத்துக்குள் ஓடி மறைந்ததே, அதுதான் நான் பார்த்ததிலேயே அழகான காட்சி! சூட்டில் கறுத்துப்போன கொடியை அமிலத்தில் போட்டு, கழுவி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளைத் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் திரும்பி வந்தது. முன்பு கே.டி.எம் என்று பெருமையாகச் சொல்லி விற்றார்களே, அது கட்மியம் கலந்த பற்றாசு. அதன் புகை பத்தர்மாரின் நெஞ்சுக்கு நஞ்சு. அதை ஒதுக்கிவிட்டு இப்போது துத்தநாகம்போன்ற வேறு உலோகம் கலக்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார்.

அன்றிலிருந்து வருஷம் ஒருமுறை கண்ணி, கொளுக்கி, தோட்டுச் சுரை மூன்றையும் காட்டாமல் விடுவதில்லை. நீங்களும் விடாதேங்கோ.

முத்திரையைப் பார்க்கவும் அங்கேதான் பழகினேன். இந்தியாவில் 2021 ஜூனிலிருந்து படிப்படியாக ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கினார்கள். 2023 ஏப்ரலிலிருந்து ஆறு எழுத்தும் எண்ணுமான அடையாளக் குறி இல்லாமல் கடைக்காரர் விற்கக்கூடாது. கனடாவில் கதை வேறு: தரம் குத்தவேணும் என்று கட்டாயமில்லை, ஆனால் குத்தினால் பக்கத்தில் வியாபாரக் குறியும் இருக்கவேணும், சொன்ன தரமும் இருக்கவேணும். ஆகவே 916க்குப் பக்கத்தில் யாருடைய குறி என்று தேடுங்கள். சிட்டையில் எடை, கரட், செய்கூலி தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் நகைக்கு 13 வீத வரி உண்டு, 99.5 வீதத் தூய்மையான முதலீட்டுக் கட்டிக்கு இல்லை. சேமிக்கக் கட்டி, சந்தோஷத்துக்கு நகை என்று நான் பிரித்துக்கொண்டேன்.

கழுவுவது மிகச் சுலபம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் இரண்டு துளி, குழந்தைகளின் மெத்தென்ற பல்தூரிகை. சிங்கின் ஓட்டைமேல் ஒரு வடியை வைக்க மறக்கக்கூடாது. கொடியின் முறுக்குக்குள் மஞ்சளும் குங்குமமும் வேர்வையும் படிந்து இறுகியிருக்கும். அரை மணித்தியாலம் ஊறவைத்தால் தண்ணீர் மண்நிறமாக மாறும். பற்பசை வேண்டாம், அது கீறும். முத்து, பின்பக்கம் மூடின கல் அட்டியல் இரண்டையும் ஊறவைக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் போனால் கல்லின் ஒளி செத்துவிடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

நீச்சல் குளத்துக்கும் சுடுதண்ணீர்த் தொட்டிக்கும் தங்கத்தோடு இறங்காதேங்கோ. குளோரின் தங்கத்தை விட்டுவிட்டுக் கூட இருக்கிற செம்பையும் வெள்ளியையும் பிடிக்கும், அதனால் தரம் குறைந்த தங்கத்துக்குத்தான் ஆபத்துக் கூட. என் 14 கரட் மோதிரத்தின் கவ்வி ஒன்று அப்படித்தான் வெடித்துக் கல் போனது. பழைய வெப்பமானி உடைந்தாலும் கையைக் கொண்டுபோகாதேங்கோ. பாதரசம் பட்ட இடத்தில் தங்கம் வெள்ளையாகும். பனிக்காலத்தில் விரல் சுருங்கும். கையுறையைக் கழற்றும்போது மோதிரமும் கூடவே போகும். வெளியே போகும்போது நான் மோதிரத்தை வீட்டில் வைத்துவிடுவேன், இல்லையென்றால் நடுவிரலுக்கு மாற்றுவேன். ஒவ்வொன்றையும் பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். வைரமும் 22 கரட்டும் ஒரு பெட்டிக்குள் கிடந்தால் கீறல் விழுவது யாருக்கென்று சொல்லத் தேவையில்லை.

அம்மாவின் காப்பில் மட்டும் எந்த எண்ணும் இல்லை. கன்னாதிட்டியில் செய்வித்தது, அந்தக் காலத்தில் யார் குத்தினார்கள்? பத்தர் அதை உரைகல்லில் ஒருமுறை இழுத்தார். கறுப்புக் கல்லில் ஒரு மஞ்சள் கோடு. பக்கத்தில் தன் 22 கரட் ஊசியால் இன்னொரு கோடு. அமிலத் துளி விட்டுக் காத்திருந்தோம். இரண்டு கோடும் ஒரே மாதிரி நின்றன.

போன ஞாயிறு மகள் வந்து துவாய்க்குப் பக்கத்தில் நின்றாள். அந்தக் காப்பு எனக்குச் சவர்க்காரம் போட்டால்தான் ஏறும். அவள் எடுத்து விரல்களைக் குவித்தாள். மணிக்கட்டுவரை ஒரே தள்ளில் போய்விட்டது. கழற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.