ஷுல்மனின் காதல் கதையும் மணிமேகலையின் போலிகளும்

அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மாக்ஸ் ஷுல்மன் (1919–1988) எழுதிய ‘லவ் இஸ் எ ஃபாலசி’ என்ற சிறுகதை, 1951இல் வெளிவந்த அவருடைய டோபி கில்லிஸ் கதைத் தொகுப்பில் உள்ளது. தருக்கப் பிழைகளை அறிமுகப்படுத்தும் கதையாக ஆங்கிலப் பாடத்தொகுப்புகளில் பலமுறை இடம்பெற்றது. தன் அறிவில் கர்வம் மிகுந்த சட்ட மாணவன் ஒருவன், ரக்கூன் தோல் கோட்டு ஒன்றைக் கொடுத்து அறைத்தோழனின் காதலி பாலியைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறான். அவளைத் தனக்கு ஏற்றவளாக்க இரவுதோறும் தருக்கம் சொல்லித் தருகிறான். கடைசியில் அவன் காதலைச் சொல்லும்போது, அவன் கற்பித்த பிழைப்பெயர்களையே அவள் பதிலாகத் திருப்பிவிடுகிறாள்.

கதை நன்றாகச் சிரிக்க வைக்கிறது. தருக்கப் பாடமாகப் பார்த்தால் அரைகுறைதான். கேக் நல்லதா என்று அறிய முழுவதையும் தின்ன வேண்டியதில்லை என்கிறான் அவன். தான் கேக் அல்ல, இது போலி ஒப்புமை என்கிறாள் அவள். அப்படிப் பார்த்தால் எந்த ஒப்புமையும் நிற்காது. ஒரு துண்டு முழுக் கேக்கின் சுவையைக் காட்டும். சில சந்திப்புகள் ஒரு மனிதரை அப்படிக் காட்டுமா என்றல்லவா அவள் கேட்டிருக்க வேண்டும்? பிழையின் பெயரைச் சொன்னாலே மறுத்தாயிற்று என்ற எண்ணம் படிக்கும் மாணவரிடமும் ஒட்டிக்கொள்கிறது.

மணிமேகலையின் 29ஆம் காதை இதில் கண்டிப்பானது. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என வகுக்கும் அறவண அடிகள், வாதத்தின் எந்த உறுப்பு எப்படிப் பழுதாகிறது என்று காட்டுகிறார். பெரம்பலூர், அரியலூர் மாணவர்களுக்கு இதை விளக்க உள்ளூரிலேயே ஒரு செய்தி உண்டு. அரியலூர்ப் பகுதியில் டைனோசர் முட்டைப் படிவங்கள் கிடைத்ததாக 2009இல் அறிவிக்கப்பட்டது. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டதும், அவையும் முட்டைகளே என்று சமூக ஊடகங்களில் பரவியது. அம்மோனைட் என்ற கடலுயிரிப் படிவோடு தொடர்புடைய கற்கள் அவை என்று ஆய்வாளர்கள் விளக்கினர். முட்டை எனச் சொன்னவர்கள் காட்டிய ஏது உருண்டை வடிவம். முட்டையும் உருண்டை, முட்டையல்லாத கல்லும் உருண்டை. இப்படி இரு பக்கத்துக்கும் பொதுவாக நிற்கும் ஏதுவை அநைகாந்திகத்துள் ‘சாதாரணம்’ என்கிறது மணிமேகலை. இங்கே பெயரே பிழை இருக்கும் இடத்தைச் சுட்டிவிடுகிறது.

ஷுல்மன் கேலி செய்வது கதைசொல்லியின் கர்வத்தைத்தான். ஆனாலும் பெண்ணைக் கோட்டுக்கு மாற்றாக வைத்துப் பேரம் பேசியவர்கள் இருவர். அவர்களில் அறைத்தோழனுக்கு ஒரு நட்டமும் இல்லை: கோட்டும் அவனிடமே, பாலியும் அவனிடமே.