'வாக்சின் ஏ': ஸ்குவாலினைத் துரத்தி ஒப்புதலைக் கோட்டைவிட்ட புத்தகம்

கேரி மட்சுமோட்டோ 2004-ல் எழுதிய 'வாக்சின் ஏ' புத்தகத்தைப் போன வாரம் முடித்தேன். வளைகுடாப் போர் வீரர்களுக்கு வந்த நோய்களுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசிதான் காரணம், அதில் ஸ்குவாலின் என்ற எண்ணெய்ப்பொருளை ரகசியமாகக் கலந்து சோதித்தார்கள் என்பது அவர் வாதம். நடை விறுவிறுப்பு, சந்தேகமில்லை. வாதம் நிற்குமா?

கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. சோதித்த ஐந்து லாட்களில் நூறு கோடியில் 10 முதல் 83 பங்கு வரை ஸ்குவாலின் இருந்தது. லாட்டுக்கு லாட் அளவு ஏறுகிறது, ஆகவே இது திட்டமிட்ட சோதனை என்கிறார். எந்த ஐந்து எண்ணையும் ஏறுவரிசையில் அடுக்கினால் ஏறத்தானே செய்யும்! ஸ்குவாலினை வெளிப்படையாகவே சேர்க்கிற எம்.எஃப்.59 கலவையில், 0.5 மில்லி டோசில் சுமார் 9.75 மில்லிகிராம் இருக்கிறது. கிட்டத்தட்ட 2 சதவீதம். ஊசியில் கண்டது அதைவிட இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல் குறைவு. நம் கல்லீரலே ஸ்குவாலினைத் தயாரிக்கிறது. விரல் பட்ட இடத்து எண்ணெய்ப்பசையிலும் அது உண்டு.

பயம் வெறும் கற்பனை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆந்த்ராக்ஸை ஆயுதங்களில் நிரப்பியிருந்ததை இராக்கே 1995-ல் ஒப்புக்கொண்டது. வீரர்களுக்குப் பாதுகாப்பு தேவைதான். ஆனால் எந்த ஆதாரத்தில்?

1970-ல் உரிமம் பெற்ற இந்த ஊசிக்கு அடிப்படை, 1950-களில் ஆட்டுமுடி ஆலைத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு. மொத்தப் பலன் 92.5 சதவீதம் என்றார்கள். அதில் நுரையீரல் ஆந்த்ராக்ஸ் வந்தவர்கள் ஐந்தே பேர். ஊசியை முழுசாகப் போட்டுக்கொண்டவர் யாரும் அந்த ஐவரில் இல்லை. நல்ல செய்திதான், ஆனால் முடிவு சொல்ல ஐந்து போதாது. ஆயுதமாக வருவதோ மூச்சுக்காற்று வழியே. குரங்குச் சோதனைகள் நம்பிக்கை தந்தன. 2002-ல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் குழு அவற்றையும் எடைபோட்டு, ஊசி பயனுள்ளது, போதிய அளவு பாதுகாப்பானது என்றது.

அப்படியென்றால் பிரச்சினை எங்கே? 1998-ல் 24 லட்சம் பேருக்கு என்று திட்டமிட்டு, கட்டாயமாகப் போட ஆரம்பித்தார்கள். மறுத்தவர்களில் சிலர் ராணுவ நீதிமன்றம் வரை போனார்கள். 2004 அக்டோபரில் நீதிபதி எம்மெட் சல்லிவன் கட்டாயத்தை நிறுத்தினார். எஃப்.டி.ஏ. முறைப்படி முடிவெடுக்கவில்லை, அதுவரை வீரரின் ஒப்புதலோ, ஜனாதிபதியின் விலக்கு உத்தரவோ வேண்டும் என்றார். அந்த நடைமுறையை எஃப்.டி.ஏ. 2005 டிசம்பரில்தான் முடித்தது.

இன்னொன்று, 1991 போரில் சுமார் ஒன்றரை லட்சம் பேருக்கு இந்த ஊசி போட்டார்கள். யாருக்கு எப்போது எத்தனை டோஸ் என்ற பதிவு ஒழுங்காக இல்லை. லாக் இல்லாத சர்வரில் பிழை தேடுவது எப்படி என்று எங்க ஆட்களைக் கேட்டால் தெரியும். பதிவு இல்லாததால் ஊசியைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, விடுவிக்கவும் முடியவில்லை. ஸ்குவாலின் கதை முளைத்தது இந்த இடைவெளியில்தான்.

மட்சுமோட்டோ சதியைத் தேடினார். எனக்குத் தெரிவது அலட்சியம். சிப்பாய் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதனாலேயே ஊசி போடுகிறவரின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. புத்தகம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.