சுவர்களும் கற்பிக்கும்

‘மத்ரஸா’ என்பது அரபு இலக்கணப்படி இடப்பெயர். பாடம் நடைபெறும் இடம் என்பது அதன் பொருள். தமிழில் ‘பள்ளி’ என்னும் சொல்லும் இடத்தையே குறித்து நின்றது. எனினும், கல்வியைப் பற்றிப் பேசுங்கால் ஆசிரியரை ஆராய்கிறோம், பாடநூலை ஆராய்கிறோம், இடத்தை மறந்துவிடுகிறோம். அதனை மறவாத கட்டிடக் கலைஞர் ஒருவரின் பணியை இங்கு மதிப்பிட விழைகிறோம்.

பாலகிருஷ்ண தோஷி (1927–2023) புனேயில் பிறந்தவர். பாரிஸில் லெ கார்புசியேயிடம் பணியாற்றிய பின், அவர் வரைந்த கட்டிடங்களை மேற்பார்வையிட அகமதாபாத் வந்து அங்கேயே நிலைபெற்றார். 1962-இல் அந்நகரில் கட்டிடக்கலைப் பள்ளி தோன்றக் காரணமாயிருந்து, பத்தாண்டுகள் அதன் இயக்குநராக விளங்கினார். 1966 முதல் அப்பள்ளிக்கான கட்டிடங்களையும் அவரே படிப்படியாக அமைத்தார்.

அங்கே செங்கல் செங்கல்லாகவே தெரிகிறது. கான்கிரீட் கான்கிரீட்டாகவே தெரிகிறது. வடக்கிலிருந்து வெளிச்சம் வருகிறது. தரைத்தளத்தில் காற்றோடும் நிழலிடம் விடப்பட்டுள்ளது. கட்டிடக்கலை பயில வந்தவனுக்கு அச்சுவர்களே முதற்பாடம். கதவுகள் குறைந்த கல்விக்கூடமே தோஷியின் குறிக்கோள். ஒரு வகுப்பில் நடப்பதை மற்றொரு வகுப்பினர் காணவேண்டும். படிக்கட்டிலும் உரையாடல் தொடரவேண்டும். தூணோரம் ஆசிரியர் அமர, மாணவர் வட்டமாய்ச் சூழ்ந்து பயின்ற பண்டை மரபை அறிந்த நமக்கு இக்கருத்து அந்நியமன்று.

பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தில் (1977–1992) இக்கருத்து மேலும் விரிகிறது. அக்பர் எழுப்பிய ஃபத்தேபூர் சிக்ரியின் முற்றங்களிலிருந்து தாம் பாடம் பெற்றதைத் தோஷியே கூறியுள்ளார். சாம்பல்நிறக் கருங்கற் சுவர்களுக்கிடையே நீண்ட நடைகள். மேலே வெயிலும் நிழலும் மாறிமாறி விழும் திறந்த சட்டங்கள். வகுப்பு முடிந்தபின் மாணவர் நின்று பேசுவதற்கும் அங்கே இடமுண்டு.

புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்வது திறனாய்வாகாது. 1976-இல் அகமதாபாதின் பத்ரா கோட்டைச் சதுக்கத்தில் அவர் எழுப்பிய பிரேமாபாய் அரங்கம், கான்கிரீட்டின் பளுவோடு பழைய நகரின் நடுவே தனித்து நிற்கிறது. பின்னாளில் அது பயனின்றிப் பூட்டிக் கிடந்தது. நிர்வாகத்தின் குறையும் இதிலுண்டு. ஆயினும், ஒரே பயனுக்கென்று இறுகமூடிய கட்டிடம் அப்பயன் நின்றதும் ஊமையாகிவிடுகிறது என்பதே நம் கருத்து. பள்ளியில் பயன்படுத்துவோருக்கு இடம் விட்ட கலைஞர், அரங்கத்தில் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்துவிட்டார்.

இதற்கு மாறாக, ஓவியர் எம்.எஃப். உசேனோடு இணைந்து 1990-களில் அமைத்த குகைக் கலைக்கூடத்தில், மண்ணுக்குள் வளைந்த கூடுகளைத் தோஷி தந்தார். அச்சுவர்களிலேயே உசேன் தீட்டினார். பிறருக்கு இடம் விடும் ஆசிரிய மனம் அங்கே மீண்டும் தெரிகிறது.

2018-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் அவர். பரிசினும் பெரியது அவர் விட்டுச்சென்ற வினா. கல்விக்கூடம் கட்ட முனைவோர் எத்தனை அறைகள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பாடம் முடிந்தபின் பிள்ளைகள் எங்கே அமர்ந்து அதைப் பற்றிப் பேசுவார்கள் என்பதையும் வரைபடத்தில் கையொப்பமிடுமுன் கேட்பார்களாயின், அதுவே அவர் ஆசிரியப்பணிக்குச் செய்யும் நன்றியாகும்.